ஏற்றத்தில் திணறும் சிறிய கார்: பிளக்கைப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் வழிமுறை

மலையகத்துக் கராஜ்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. கார் இழுக்கவில்லை என்று சொன்னால் போதும், மின்பொறி தந்து பெற்றோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகளைப் புதிதாகப் போட்டுப் பழையவற்றைக் கழிவு இரும்போடு வீசிவிடுவார்கள். சில நாள் வண்டி நன்றாக ஓடும். பிறகு அதே திணறல், அதே கராஜ், மறுபடியும் பிளக். எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று காட்டக்கூடிய மிக மலிவான சாட்சியம் அந்தப் பழைய பிளக்தான். அதைப் பார்க்காமலே வீசுவதால்தான் இந்தச் சுற்று முடிவதில்லை.

வீட்டு முற்றத்தில் நீங்களே பிளக் மாற்றலாம். மாற்றுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: தொல்லை எப்போது வருகிறது? ஏற்றத்திலா, மழையிலா, இறக்கம் முடிந்த பிறகா, விடியற்காலையிலா? நம் வீதிகள் இந்தச் சோதனைகளை இலவசமாகச் செய்து தருகின்றன. கீழே உள்ளவை பெற்றோல் கார்களுக்கு மட்டும்: பழைய மாருதி 800, ஆல்ட்டோ, விட்ஸ், வேகன் ஆர் போன்றவை.

சமதரையில் நன்றாக ஓடுகிறது, ஏற்றத்தில் வெட்டுகிறது

நம் பக்கத்தில் அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான். தலவாக்கலை நகரத்துக்குள் வண்டி அமைதியாக ஓடும். நானுஓயா பக்கம் ஏறத் தொடங்கி, இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் வெடுக் வெடுக்கென்று வெட்டும்.

காரணம் எளிது. ஆக்சிலேட்டரை ஆழ மிதிக்கும்போது சிலிண்டருக்குள் போகும் காற்றும் பெற்றோலும் கூடுகின்றன, அழுத்தமும் கூடுகிறது. அழுத்தம் கூடிய கலவைக்குள் மின்பொறி தாவுவதற்குக் கூடுதல் வோல்ட் தேவை. பிளக்கின் முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் அந்தத் தேவை இன்னும் ஏறுகிறது. பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் கொயிலால் அவ்வளவு கொடுக்க முடியாதபோது பொறி விழாமல் போகிறது, அல்லது வயரின் வெடிப்பு வழியாக வேறெங்கோ பாய்கிறது. சமதரையில் அழுத்தம் குறைவு என்பதால் அதே பிளக் அங்கே நல்லவன் வேஷம் போடுகிறது.

ஆனால் ஏற்றத்தில் வரும் எல்லாத் தொல்லையும் பிளக் அல்ல. மூன்றைப் பிரித்தறிய வேண்டும். பொறி தவறினால் வெட்டு கூர்மையாக இருக்கும். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்து விடுவதை உடம்பு உணரும். பெற்றோல் போதாமல் போனால், அதாவது ஃபில்டர் அடைத்திருந்தால் அல்லது பம்ப் தளர்ந்திருந்தால், இழுவை மெல்ல மெல்ல வடியும். காலை எடுத்துச் சற்று ஓய்வு கொடுத்தால் திரும்பவும் வரும். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல், எரிந்த வாடையும் அடித்தால் கிளட்ச் தட்டு போய்விட்டது. கிளட்ச் வழுக்கும் வண்டிக்குப் புதிய பிளக் போட்டுக் காசைக் கரியாக்கியவர்கள் நம் ஊரில் நிறைய.

கூர்மையான வெட்டுத்தான் என்றால் எந்தச் சிலிண்டர் என்று பாருங்கள். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில் உள்ள புதிய வண்டிகளில் வேலை சுலபம். கோட் படிக்கும் சிறு கருவியைச் செருகினால் பி0301 என்பது முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, பி0303 மூன்றாவது. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்றல்ல, பலவற்றில் மாறி மாறி. முதல் சிலிண்டர் என்று காட்டினால், எஞ்சினை நிறுத்திவிட்டு அதன் கொயிலை இரண்டாவதற்கு மாற்றிப் பூட்டுங்கள். கோட்டை அழித்துவிட்டு அதே ஏற்றத்தில் ஏற்றுங்கள். இப்போது பி0302 வந்தால் கொயில்தான் குற்றவாளி. பி0301 ஆகவே நின்றால் பிளக்கை இடம் மாற்றிச் சோதியுங்கள். அப்போதும் நகராவிட்டால் இன்ஜெக்டர் (பெற்றோலைத் தெளிக்கும் பகுதி) அல்லது கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவை அமுங்கும் அழுத்தம்) பக்கம் பார்க்க வேண்டும். அது கராஜ் வேலை. கடையில் எதையும் வாங்கும் முன்பே விடை கிடைத்துவிடுவதால் இந்த மாற்றிப்போடும் சோதனையை விடச் சிறந்தது எனக்குத் தெரிந்து இல்லை.

எஞ்சின் விளக்கு எரிந்தபடி இருந்தால் மெதுவாக வீடு சேரலாம். விட்டு விட்டு மின்னினால் காலை எடுங்கள். எரியாத பெற்றோல் சைலென்சர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வேட்டருக்குள் போய் எரிகிறது என்று பொருள். அது உருகிப்போனால் பிளக்கின் விலை சிரிப்பாகத் தோன்றும்.

மழையிலும் மூடுபனியிலும் மட்டும் இடறுகிறது

வட்டவளை பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இலங்கையில் மிக அதிக மழை பெறும் இடங்களில் அது ஒன்று. தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் வாகனங்களின் போனட்டுக்கு அடியில் எப்போதும் ஈரம்தான். அப்புத்தளையில் மழையே வேண்டாம், மூடுபனி போதும்.

காய்ந்த நாளில் சரியாக ஓடி ஈரத்தில் மட்டும் இடறினால் பிளக்கைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். முதலில் பிளக் வயர்கள், அவற்றின் இறப்பர் மூடிகள், பழைய வண்டியானால், ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி. இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கை இழுத்து, எஞ்சினை ஓடவிட்டுப் போனட்டைத் திறந்து பாருங்கள். இஸ்திரி போடும்போது நீர் தெளிக்கும் போத்தலால் வயர்களின் மேல் இலேசாகத் தெளியுங்கள். எங்கே நீலப் பொறி துள்ளுகிறதோ அங்கேதான் ஓட்டை. கையால் தொடவே கூடாது. அது ஆயிரக்கணக்கான வோல்ட். இதய நோய்க்குக் கருவி பொருத்தியவர்கள் அருகில் நிற்கவும் வேண்டாம்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உட்புறத்தில் வியர்த்திருக்கும். உலர்ந்த துணியால் துடையுங்கள். துடைத்த பிறகும் தலைமயிர் போல மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினால் மூடியை மாற்றத்தான் வேண்டும். மின்சாரம் எரித்து எரித்து உண்டாக்கிய கரித்தடம் அது. சுரண்டினாலும் திரும்ப வரும்.

கழற்றும் முறை

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சிலிண்டர் தலை அலுமினியம். சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரையும் சேர்ந்து வரும். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். நம் வீடுகளில் சமதரை கிடைப்பது அரிது என்பதால் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுப்பதை மறக்க வேண்டாம். ஹைபிரிட் வண்டியில் சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள்; கை உள்ளே இருக்கும்போது எஞ்சின் தானாக உயிர்பெறக் கூடாது. இன்டேக் மெனிபோல்டைக் கழற்றினால்தான் பிளக்கே தெரியும் என்ற அமைப்புள்ள வண்டியானால் இந்த வேலையைக் கராஜுக்கே விட்டுவிடுங்கள்.

பிளக் ஸ்பேனரின் அளவைப் பார்த்து வாங்குங்கள். பழைய மாருதி வகைக்கு 21 மி.மீ. என்று விற்கப்படுவது, அண்மைக்கால ஜப்பானிய வண்டிகள் பலவற்றுக்கு 16 மி.மீ., சிலவற்றுக்கு 14 மி.மீ. உள்ளே இறப்பர் அல்லது காந்தம் உள்ள ஸ்பேனராக இருக்கட்டும்.

தோட்டப் பாதைகளில் ஓடும் வண்டியில் பிளக் குழிக்குள் மண் தங்கியிருக்கும். சைக்கிள் பம்பால் ஊதிவிட்டு, அரைச் சுற்றுத் தளர்த்தி, மறுபடியும் ஊதிய பிறகே முழுக்கக் கழற்றுங்கள். இந்த இரண்டாவது ஊதலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பிளக்கின் விளிம்புக்கு அடியில் இருக்கும் மணல் அப்போதுதான் வெளியே வரும். இல்லாவிட்டால் நேராகச் சிலிண்டருக்குள் விழும்.

பழைய வண்டியில் வயர்களை ஒவ்வொன்றாகவே எடுத்து, எந்த வயர் எந்தச் சிலிண்டருக்கு என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், மூடியைப் பிடித்துச் சற்றுத் திருகி எடுங்கள். கழற்றிய பிளக்குகளை முட்டை அட்டையில் வரிசை மாறாமல் வையுங்கள்.

குழிக்குள் ஒயில் தேங்கி நின்றால் அது பிளக்கின் தவறல்ல. வால்வு மூடியின் கேஸ்கெட்டோ குழியைச் சுற்றியுள்ள சீலோ போய்விட்டது. அதை மாற்றாமல் பிளக்கை மட்டும் மாற்றினால், கொயிலின் இறப்பர் ஒயிலில் ஊறி மறுபடியும் பொறி கசியும்.

பிளக் சொல்வது

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முனையைச் சூழ்ந்த பீங்கான் வெளிர் பழுப்பாக, சாம்பல் கலந்த நிறமாக இருந்தால் எஞ்சின் நலம். இடைவெளியை மட்டும் அளந்தால் போதும்.

வெல்வெட் போன்ற காய்ந்த கறுப்பு விரலில் ஒட்டினால் பெற்றோல் அதிகம் அல்லது காற்று குறைவு. பளபளக்கும் ஈரக் கறுப்பு, துடைத்தாலும் வழுக்கினால் ஒயில். ஈரம் ஆனால் பெற்றோல் வாடை என்றால் பொறியே விழவில்லை, அல்லது சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் கலவையில் பெற்றோலைக் கூட்டும் அமைப்பு) அதிகமாகிப் பெற்றோல் வெள்ளம் போட்டுவிட்டது. சுண்ணாம்பு போல வெளுத்து, முனையில் சிறு கொப்புளங்கள் தெரிந்தால் அளவுக்கு மீறிய சூடு. அதைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்திக் காரணம் தேட வேண்டும். பிஸ்டன் உருகுவதற்கு முந்திய நிலை அது.

வெளிப்புறத்தையும் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் உலோகத்தைத் தொடும் இடத்தில் பழுப்பு வளையம் இருந்தால் பயப்பட வேண்டாம். உயர் வோல்ட் மின்சாரம் காற்றிலுள்ள ஒயில் துகள்களை இழுத்து ஒட்டவைப்பதால் வருவது அது; கசிவு அல்ல. ஆனால் பீங்கானின் மேல் நெடுக்காகக் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் பொறி உள்ளே போகாமல் வெளியே இறங்கியிருக்கிறது. அப்படியானால் மூடியின் உட்புறத்திலும் அதற்கு நேராக ஒரு கோடு இருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது புதியதைக் கெடுத்துவிடும்.

எல்லாப் பிளக்குகளும் கறுத்திருந்தால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான குறை: காற்று ஃபில்டர், காபரேட்டர் (பழைய வண்டிகளில் பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பகுதி), சென்சர். ஒன்று மட்டும் மாறுபட்டால் அந்தச் சிலிண்டருக்குள் தேடுங்கள். ஒன்று மட்டும் கழுவிவிட்டது போலப் பளிச்சென்று இருந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால் சிலிண்டர் தலைக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் வழியாக நீர் உள்ளே போகிறது. இதில் ஓர் எச்சரிக்கை. ஒயில் மூடிக்கு அடியில் பால்நிறப் படிவு தெரிந்தவுடன் கேஸ்கெட் போய்விட்டது என்று சில கராஜ்களில் அடித்துச் சொல்வார்கள். நம் குளிரில், கடைத்தெருவுக்கும் பாடசாலைக்கும் மட்டும் ஓடும் வண்டியில், எஞ்சின் முழுச் சூட்டை எட்டாமலே நின்றுவிடுவதால் ஈரம் படிந்தும் அந்தப் பால்நிறம் வரும். ஒயில் அளவு கோலிலும் பால்நிறமா, நீர் உண்மையிலேயே குறைகிறதா என்று பார்த்த பிறகே சிலிண்டர் தலையைக் கழற்றச் சம்மதியுங்கள்.

புதிய பிளக்கும் விரைவில் கறுக்கிறது

கடல் மட்டத்திலிருந்து நுவரெலியா ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜெக்ஷன் வண்டி இதைச் சென்சர் மூலம் அறிந்து பெற்றோலைக் குறைத்துக்கொள்கிறது. காபரேட்டருக்கு அந்த அறிவில்லை. தாழ்நிலத்தில் சரிசெய்யப்பட்ட காபரேட்டர், மெலிந்த காற்றோடு முன்போலவே பெற்றோலை ஊற்றுகிறது. பிளக் கறுக்கிறது, வாடை அடிக்கிறது, இழுவையும் போகிறது. ஹட்டனிலேயே, ஏறத்தாழ 1270 மீற்றரில், இது தெரியத் தொடங்கிவிடும்.

ஆகவே மலையில் ஓடும் காபரேட்டர் வண்டியை மலையிலேயே ட்யூன் செய்ய வேண்டும். முதலில் காற்று ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். வறண்ட மாதங்களில் கொழுந்து லொறிக்குப் பின்னால் ஓடிய வண்டி பாதித் தோட்டத்தை அதற்குள் சுமந்திருக்கும். சோக் முழுவதும் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதற்குக் குறுக்கு வழியாகச் சூடான வகைப் பிளக், அதாவது முனையின் சூட்டை மெதுவாக வெளியேற்றும் பிளக், போடச் சொல்பவர்கள் உண்டு. பிளக்கின் முனை ஏறத்தாழ 450 பாகை செல்சியஸைத் தாண்டினால் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 800 பாகைக்கு மேலே போனால் பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைக்கத் தொடங்கும். சூடான வகை முதல் எல்லையை விரைவில் எட்டும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டாவது எல்லையையும் விரைவில் எட்டும். அதே காரில் கொழும்புக்கு இறங்கி அதிவேக வீதியில் விரட்டினால் என்னவாகும் என்று அந்த ஆலோசனை சொன்னவர் யோசிப்பதில்லை. கையேட்டில் உள்ள வகையையே போடுங்கள். எண்ணைப் பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும்: என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ந்த வகை. பொஷ் பிளக்கில் எண் குறைந்தால் குளிர்ந்த வகை.

கறுத்த பிளக்கை உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பப் போடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். தேய்த்த இடத்தில் விழும் கீறல்களில் கரி இன்னும் சுலபமாகப் பிடிக்கும். அவசரத்துக்கு வீடு சேர அது உதவும். அதற்கு மேல் வேண்டாம். இரிடியம் முனையைக் கம்பித் தூரிகையால் தொடவே கூடாது.

நீண்ட இறக்கம் முடிந்ததும் நீலப் புகை

நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, இறம்பொடை வழியாகக் கம்பளை நோக்கி இறங்கும்போது நல்ல சாரதி காலை எடுத்து, தாழ்ந்த கியரில், எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்து இறங்குவார். அதுவே சரியான முறை. அந்நேரம் காற்று வழி மூடியிருப்பதால் சிலிண்டருக்குள் கடுமையான உறிஞ்சல் உண்டாகிறது. வால்வுத் தண்டின் சீல்கள் தேய்ந்திருந்தால் அந்த உறிஞ்சல் ஒயிலைச் சொட்டுச் சொட்டாக உள்ளே இழுக்கும். இறக்கம் முடிந்து மறுபடியும் ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் பின்னால் நீலப் புகை எழும். பிளக்கில் ஒயில் ஈரம் தெரியும்.

இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் ஒருமுறை நீலமாகப் புகைத்துவிட்டு ஓய்ந்தாலும் இதே சீல்கள்தான். ஏற்றத்தில் இடைவிடாமல் புகைத்தால் பிஸ்டன் ரிங். எதுவானாலும் பிளக் மாற்றுவது தற்காலிகமே. இதற்காக நியூட்ரலில் இறங்கலாமா என்று கேட்காதீர்கள். ஒயில் புகைவதை விடப் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது பெரிய ஆபத்து.

விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

தை, மாசி மாதங்களில் நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி படியும் காலைகளில் இது அதிகம். ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுழன்றால் முதலில் பற்றரி. குளிரில் பற்றரி தளரும்; ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் உறிஞ்சிய பிறகு கொயிலுக்கு மிஞ்சுவது குறைவு; பொறியும் மெலியும். ஸ்டார்ட்டர் சுறுசுறுப்பாகச் சுழன்றும் பற்றாமல் பெற்றோல் வாடை அடித்தால் வெள்ளம். சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தியபடி, பம்ப் செய்யாமல், சில விநாடிகள் சுழற்றுங்கள். அப்படியும் முடியாவிட்டால் பிளக்கைக் கழற்றிக் காயவைக்க வேண்டும்.

பூட்டுவது, பூட்டிய பிறகு வரும் தொல்லைகள்

இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மி.மீ., புதியவற்றில் 1.0 மி.மீ.யைச் சுற்றி. பக்க முனையை மட்டும் மெல்ல வளைக்கலாம். நடு முனையை நெம்பக் கூடாது.

பிளக்கின் தலையில் ஒரு சாண் பெற்றோல் இறப்பர்க் குழாயைச் செருகி, அதைப் பிடித்துக் குழிக்குள் இறக்குங்கள். முதலில் எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். மரை மரையோடு சேரும்போது சிறு துள்ளல் விரலுக்குத் தெரியும். பிறகு வலப்பக்கம். மரை கோணலாகப் பிடித்தால் இறப்பர் வழுக்கிவிடும், சிலிண்டர் தலை தப்பிவிடும். ஸ்பேனரால் தொடங்கினால் அந்த எச்சரிக்கை கிடைக்காது. கையால் முழுவதும் ஓடியபின், 14 மி.மீ. மரையும் வளையமும் உள்ள புதிய பிளக்கை அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை இறுக்கினால் போதும். டோர்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீற்றர். பழைய பிளக்கைத் திரும்பப் போடுவதானால் வளையம் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கே போதும். மரைக்குக் கிரீஸ் பூச வேண்டாம், அது அளவை ஏமாற்றி மிகையாக இறுக்க வைக்கும்.

மாற்றிய உடனே முன்பை விட மோசமாக நடுங்கினால் பதறாதீர்கள். வயர் இரண்டு இடம் மாறியிருக்கலாம், அல்லது மூடி அடிவரை அமரவில்லை. அமரும்போது கிளிக் என்று கேட்க வேண்டும். டிக் டிக் என்று சத்தத்தோடு காற்று கசிந்தால் ஏதோ ஒரு பிளக் தளர்ந்திருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் ஒன்று மட்டும் வேலை செய்யாவிட்டால், புதிய பிளக்கே போலியாகவோ கீழே விழுந்து பீங்கான் வெடித்ததாகவோ இருக்கலாம். அந்த இடத்தில் பழையதைப் போட்டுப் பாருங்கள். அதற்காகத்தான் முட்டை அட்டையை இன்னும் வீசக் கூடாது.

கழற்றும்போது பிளக் பாதியில் இறுகி நின்றால் பலம் காட்டாதீர்கள். சிறிது ஊடுருவும் ஒயில் விட்டு, ஓர் இரவு வைத்து, கால் சுற்று முன்னும் கால் சுற்றுப் பின்னுமாக அசைத்து எடுங்கள். அப்போதும் கிறீச்சிட்டு மறுத்தால், வந்த அளவுக்குத் திரும்ப இறுக்கி, வயரை மாட்டி, அந்த ஒரு பிளக்கோடு மெதுவாகக் கராஜுக்கு ஓட்டிச் செல்லுங்கள். மரை பெயர்ந்த பிறகு இழுத்துச் செல்ல வாகனம் தேடுவதை விட அது எவ்வளவோ மலிவு.